வால்டார்ஃப் பள்ளியில் பெற்றோர் பங்கு: நடைமுறையில் எவ்வளவு வேலை? (பெங்களூரு)

இந்திராநகர்_புதுசு

வணக்கம். மகளை வரும் ஜூனில் இங்கே ஒரு வால்டார்ஃப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பார்க்கிறோம். அறிமுகக் கூட்டத்தில் "பெற்றோரும் பள்ளியின் அங்கம்" என்று நாலைந்து தடவை சொன்னார்கள். நடைமுறையில் அது என்ன என்று கேட்டால் "வந்து பாருங்க, பிடிச்சிடும்" என்பதுதான் பதில். இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம், அதில் ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட். தையல், பின்னல் எதுவும் வராது. வீட்டில் மாமியார் இருக்கிறார், தமிழ் மட்டும்தான் பேசுவார். சாயங்காலம் ஆறரைக்கு சீரியல் ஓடியாகணும். அவருக்கும் அங்கே ஏதாவது இடம் உண்டா? இன்னொன்று, ஃபீஸுக்கு மேலே "கட்டட நிதி" என்று ஒரு தொகை சொல்கிறார்கள். கட்டித்தான் ஆகணுமா? விஷயம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராகிமுத்தே

இந்தக் கோரிக்கையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குச் சரி சொல்லலாம், எதற்கு முடியாது சொல்லலாம் என்பதும் தெரிந்துவிடும். முதல் வால்டார்ஃப் பள்ளி 1919இல் ஸ்டுட்கார்ட்டில், வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஆலை முதலாளி எமில் மோல்ட் கேட்டுக்கொண்டதால் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் அதை வடிவமைத்தார். பள்ளியை ஆசிரியர்களே கூடி நடத்துவார்கள், மேலே தலைமையாசிரியர் என்று ஒருவர் கிடையாது என்பது அன்றைய ஏற்பாடு. இங்கே சட்டப்படி ஒரு டிரஸ்ட்டோ சொசைட்டியோ இருந்தாக வேண்டும். ஆகவே நிலம், அங்கீகாரம், சம்பளம் ஆகியவை டிரஸ்ட்டின் பொறுப்பு, வகுப்பறைக்குள் நடப்பது ஆசிரியர் குழுவின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ளதெல்லாம், அதாவது விழா, நூலகம், தோட்டம், பொருள் வாங்குவது, விருந்தினர் வந்தால் சாப்பாடு, இவை பெற்றோர் தலையில் விழும். பெரிய பள்ளியில் சம்பளத்துக்கு ஆள் போட்டுச் செய்வதை இங்கே நாம் செய்கிறோம், அவ்வளவுதான்.

இதில் தவறவிடக் கூடாதது ஒன்றே ஒன்று: வகுப்பாசிரியர் நடத்தும் பேரன்ட்ஸ் ஈவினிங். ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். தினமும் காலையில் முதல் இரண்டு மணி நேரம் மெயின் லெசன், ஒரே பாடம் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து ஓடும், அதைத்தான் பிளாக் என்பார்கள். எந்த பிளாக் எப்போது, ஏன் என்பதை ஆசிரியர் அன்றைக்குத்தான் விளக்குவார். நம் கையிலும் மெழுகு கிரேயானைக் கொடுத்து வரையச் சொல்வார், ஊசிகளைக் கொடுத்துப் பின்னச் சொல்வார். கூட்டத்துக்கு வராத வீடுகளில் பிரச்சினை இப்படித்தான் ஆரம்பிக்கும்: மொழி பிளாக் நடக்கும்போது கணக்கு நோட்டு ஒரு மாதம் மூடியே கிடக்கும். "கணக்கே சொல்லித் தர்றதில்லை" என்று பயந்து டியூஷனில் சேர்த்துவிடுவார்கள். டியூஷனில் ஒரு முறை, வகுப்பில் இன்னொரு முறை என்று பிள்ளை குழம்பும். வீட்டில் யாராவது ஒருவர் போனால் போதும், ஆனால் எப்போதும் ஒரே ஆள் போகாமல் மாறி மாறிப் போங்கள்.

அடுத்தது கிளாஸ் ரெப், அதாவது வகுப்பின் பெற்றோர் பிரதிநிதி. வகுப்புக்கு இரண்டு பேர், ஒரு வருடம். வேலை கடினமில்லை, ஆனால் ஓயாது: வாரத்துக்கு ஒரு அறிவிப்பு, டெர்முக்கு ஒரு பொருள் பட்டியல், விழாவுக்கு ஆள் பிரிப்பது, வகுப்பில் யார் வீட்டிலாவது பிரசவமோ ஆஸ்பத்திரியோ என்றால் சாப்பாட்டு முறை போடுவது. முதல் வருடமே இதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

வாட்ஸாப் குழு பற்றித் தனியாகச் சொல்லணும், ஏனென்றால் இந்தப் பள்ளிகளில் சமூகம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். சொந்தப் பிள்ளை பற்றிய கேள்வி நேராக வகுப்பாசிரியருக்கு, பணம் பற்றியது ஆபீஸுக்கு, எல்லாருக்கும் பொதுவான ஏற்பாடு மட்டும் குழுவுக்கு. "உங்க பசங்களும் இப்படித்தான் சொல்றாங்களா?" என்று ஒரு வரி போட்டால் போதும், ராத்திரிக்குள் நாற்பது பதில் வந்து அது வழக்காகிவிடும். மறுநாள் காலையில் அதே ஆசிரியர்தான் முப்பது பிள்ளைகள் முன்னால் போய் நிற்க வேண்டும். எட்டு வருடம் ஒரே வகுப்பாசிரியர் என்பது இந்த முறையின் லட்சியம். ஆனால் நடுவில் ஆசிரியர் மாறுவதும் உண்டு, அந்த மாதிரி நேரத்தில் குழு அமைதியாக இருக்கிறதா என்பது ரொம்ப முக்கியம்.

நைட் ஷிஃப்ட்காரருக்கும் வேலை உண்டு. ஃபெல்ட் துணி வெட்டுவது, நூலகப் புத்தகத்துக்கு அட்டை போடுவது, விழா சாமான் கணக்கு, மர பொம்மைகளை உப்புத்தாளால் தேய்த்துத் தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து பூசுவது, எதையும் வீட்டிலேயே செய்யலாம். சேர்வதற்கு முன்னால் பள்ளியின் ஆண்டு நாட்காட்டியைக் கேட்டு வாங்கி, பெற்றோர் கட்டாயம் வர வேண்டிய நாட்களை மட்டும் வட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். "வந்து பாருங்க"வைவிட அது நல்ல பதில்.

கணக்குப்பிள்ளை

பணம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் நன்கொடை கொடுத்தால்தான் இடம் என்று சொல்வது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம். வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. ஆகவே கட்டட நிதி பற்றி எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். அது அட்மிஷனோடு கட்டுப்பட்டதா? திருப்பித் தரும் டெபாசிட்டா, திரும்பாத நன்கொடையா? டெபாசிட் என்றால் நடு வருடத்தில் விலகினால் எத்தனை நாளில், எவ்வளவு திரும்பும்? வாயால் சொல்வதற்கு இங்கே மதிப்பில்லை. அறங்காவலர்கள் மாறினால் பேச்சும் மாறிவிடும்.

பள்ளி வளர வேண்டும் என்று மனமிருந்து கொடுக்கிறீர்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள், இந்தப் பள்ளிகள் பல வாடகை இடத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. வருடாந்தரக் கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கைக் காட்டுகிறார்களா என்பதையும் பாருங்கள். கணக்கு காட்டும் இடத்தில் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

சந்தை நாளில், அதாவது பள்ளி பஜாரில், அடிக்கடி நடக்கும் குளறுபடி: யாரோ ஒரு பெற்றோரின் சொந்த யுபிஐ கியூஆர் ஒட்டப்பட்டிருக்கும். அன்றைக்கு வசதிதான். பிறகு அந்தப் பணம் அவர் கணக்கில் வந்த வரவாகவே நிற்கும், பள்ளிக்கு மாற்றினாலும் எந்தத் தொகை எந்தக் கடைக்கு என்று பிரிக்க முடியாது. டிரஸ்ட் கணக்கின் கியூஆர் ஒன்றே ஒன்று, கூப்பன் மேசையில் மட்டும் இருக்கட்டும். 10, 20, 50 ரூபாய்க் கூப்பன்களை மூன்று நிறத்தில், வரிசை எண் போட்டு அடித்துக்கொள்ளுங்கள். கடைகள் கூப்பன் மட்டும் வாங்கட்டும், சாயங்காலம் ஒவ்வொரு கடையும் தன் டப்பாவைக் கொடுக்க, இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். மீந்த கூப்பனுக்குப் பணம் திரும்ப உண்டா இல்லையா என்பதைக் கூப்பன் மேலேயே அச்சடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி அரை மணி நேரம் சண்டையில் போகும்.

கிரேயான், வாட்டர்கலர் இதெல்லாம் தனித்தனியாக வாங்காதீர்கள். ஜெர்மனியின் ஸ்டாக்மர் தேன்மெழுகு கிரேயானுக்கு இங்கே இறக்குமதி விலை. வகுப்பு முழுவதற்கும் ஒரே ஆர்டராகப் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

ஊசிநூல்

தையல் வராதவங்களுக்கு விழா நாள்ல என்ன வேலைன்னு கேட்டீங்க. லாந்தர் பட்டறைக்கு வாங்க, ஊசியே வேண்டாம். ஐரோப்பாவுல நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள்ல லாந்தர் ஊர்வலம் போவாங்க. இங்கே பள்ளிக்குப் பள்ளி அது தீபாவளியோடயோ கார்த்திகையோடயோ ஒட்டிக்கும். செய்முறை சொல்றேன், ஏன்னா ஒவ்வொரு வருஷமும் பாதி லாந்தர் ஒரே காரணத்துக்காகக் கெடும்.

200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளோட கிராம் எடை) குறையாத வாட்டர்கலர் தாள், ஏ3 அளவு (சுமார் 30க்கு 42 செ.மீ.). பிள்ளைங்க ஈரத்தாள்ல வண்ணம் தீட்டுவாங்க. அது முழுசா காயணும், நம்ம ஊர் ஈரத்துல ஒரு நாள் விடுங்க. அப்புறம் பஞ்சால எண்ணெய் பூசினா தாள் வெளிச்சம் விடும். ஆனா ஒட்ட வேண்டிய பக்க ஓரம் ஒன்றரை செ.மீ., அடியில 3 செ.மீ. இதுல எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்ட இடத்துல எந்தப் பசையும் பிடிக்காது. கெடுற லாந்தர் எல்லாம் இதனாலதான் கெடுது. பென்சில்ல கோடு போட்டு, அதுக்கு மேலே மட்டும் பூசச் சொல்லுங்க.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைஞ்சிடும், பெங்களூரு நவம்பர் ராத்திரிக்குத் தாள்ல வெள்ளைத் திட்டாத் தெரியும். சூரியகாந்தி எண்ணெய் போதும். நாளிதழ் ரெண்டுக்கு நடுவுல ஒரு ராத்திரி வெச்சு மிச்ச எண்ணெயை உறிஞ்ச விடணும்.

மறுநாள் தாளை உருளையாச் சுருட்டிப் பக்க ஓரத்தை ஒட்டுங்க. அடி 3 செ.மீ.யை ரெண்டு செ.மீ.க்கு ஒரு வெட்டு வெட்டி உள்ளே மடிச்சு, சுமார் 13 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டத்துல ஒட்டுங்க. மேல் விளிம்புல உள்பக்கமா 2 செ.மீ. அட்டைப் பட்டை வெச்சு, அதுல துளை போட்டுக் கம்பி மாட்டுங்க. வெறும் தாள்ல துளை போட்டா நடக்கும்போதே கிழிஞ்சிடும். டீ-லைட்டை (தகரக் கிண்ணத்துல இருக்கிற சின்ன மெழுகுவத்தி) அடிவட்டத்து நடுவுல ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் வெச்சு அழுத்திடுங்க, மேல்வாயை ஒருபோதும் மூடாதீங்க. எண்ணெய்த்தாள்ங்கிறதை மறக்கக் கூடாது: முப்பது நாற்பது செ.மீ. குச்சியில தொங்கவிட்டுத்தான் குழந்தை கையில கொடுக்கணும், பருத்தி உடுப்பு, பத்துக் குழந்தைக்கு ஒரு பெரியவர், வழியில ரெண்டு இடத்துல வாளித் தண்ணி. மழை வந்தா எந்த ஹால்னு முன்னாடியே முடிவாயிருக்கணும், நவம்பர்ல வடகிழக்குப் பருவமழை சொல்லிக்கிட்டு வராது.

சங்கராந்திக்கு எள்ளு-பெல்லா (கர்நாடகாவுல பகிர்ந்துக்கிற எள்ளு-வெல்லக் கலவை) பொட்டலம் போடுறது இதைவிட சுலபம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லை. 120 பொட்டலம், ஒண்ணு 50 கிராம், மொத்தம் 6 கிலோ: நிலக்கடலை ஒன்றரை கிலோ, பொட்டுக்கடலை ஒன்றரை, கொப்பரை ஒண்ணேகால், வெல்லம் ஒண்ணு, வெள்ளை எள்ளு முக்கால். தோல் போகும்னு கடலையும் கொப்பரையும் கால் கிலோ கூடவே வாங்கிக்கோங்க. கொப்பரையோட கறுப்புத் தோலைச் சுரண்டி, பொடிசா நறுக்கி ரெண்டு நாள் வெயில்ல காய வைக்கணும், ஈரம் இருந்தா காறும். வெல்லம் பழைய கெட்டி வெல்லமா இருக்கட்டும், புதுசு கசிஞ்சு பொட்டுக்கடலையை நமுக்க வெச்சிடும். கடலையும் எள்ளும் தனித்தனியா மிதமான தீயில வறுத்து முழுசா ஆறின பிறகுதான் கலக்கணும், சூட்டோட கலந்தா எல்லாம் ஒரே உருண்டை. கலக்குறதை விழா அன்னைக்குக் காலையில வெச்சுக்கோங்க. கடலை ஒவ்வாத பிள்ளை வகுப்புல இருந்தா, அவங்க பங்கை வேற வீட்டுல, வேற கத்தி, வேற தட்டுல செய்யணும். அதே மேசையில "இதுல கடலை போடலை"ன்னு தனியா எடுத்து வெச்சா போதாது.

சிக்குக்கோலம்

உங்க மாமியாருக்குத்தான் இந்தப் பள்ளியில நிறைய வேலை இருக்கு! ஒன்றாம் வகுப்பில் முதல் பாடமே நேர்கோடும் வளைகோடும். ஃபார்ம் டிராயிங் என்று வாரா வாரம் நடக்கும். கோலம் போடத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அதற்கு நல்ல துணை. ஆனால் அவராக வகுப்புக்குள் போய் 1-3-5-3-1 நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலத்தைச் சொல்லித் தர ஆரம்பித்தால் ஆசிரியர் சங்கடப்படுவார். கோடு கோட்டைத் தாண்டி மேலும் கீழுமாகப் பின்னிப் போவது நான்காம் வகுப்பு வாக்கில் வரும் பாடம். சின்னவர்களுக்கு முற்றத்தில் பெரிதாக, உடம்பையே அசைத்துப் போடுகிற எளிய வளைவு போதும். வகுப்பாசிரியரிடம் முதலில் கேட்டு, எந்த வாரம் என்று அவர் சொல்லும் வாரத்தில் போகட்டும்.

கதையும் அப்படியே. ஒன்றில் தேவதைக் கதைகள், இரண்டில் விலங்குக் கதைகளும் மகான்கள் கதைகளும், ஐந்தில் பழைய இந்தியா, எகிப்து, கிரேக்கம் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். ராமாயணம் வீட்டில் தாராளமாகச் சொல்லலாம், வகுப்பில் வேண்டுமானால் கேட்டுவிட்டுச் சொல்லலாம். புத்தகத்தைப் பார்க்காமல், குரலை ரொம்ப ஏற்றி இறக்காமல், அதே கதையை மூன்று நான்கு நாள் தொடர்ந்து சொல்வது இவர்கள் வழக்கம். கடைசியில் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்கக் கூடாது. பாட்டிகளுக்கு இது ஒன்றுதான் கஷ்டம். தமிழ் மட்டும்தான் தெரியும் என்பது குறையே இல்லை. கும்மி, கோலாட்டம், "சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" எல்லாம் காலை வட்டத்தில், அதாவது காலையில் எல்லாரும் வட்டமாக நின்று பாடி ஆடும் நேரத்தில், வேற்றுமொழிப் பிள்ளைகளும் ரெண்டே நாளில் பிடித்துக்கொள்ளும்.

சீரியல்: சின்ன வகுப்புகளில் திரை வேண்டாம் என்று பள்ளி கேட்பது உண்மை. ஆனால் அதை மாமியாரிடம் "ஸ்கூல்ல கூடாதுன்னுட்டாங்க" என்று கொண்டுபோகாதீர்கள், அவர் வீட்டில் அவரையே குற்றவாளி ஆக்கின மாதிரி ஆகிவிடும். டிவியை ஹாலிலிருந்து அவர் அறைக்கு மாற்றுங்கள், கதவு சாத்தியிருக்கட்டும், சத்தத்துக்கு ஹெட்ஃபோன். ஆறரையிலிருந்து ஏழரை குழந்தையின் குளியல், சாப்பாடு, படுக்கை நேரமாக இருந்தால் மோதலே வராது. கதை சொல்லித் தூங்க வைப்பது பாட்டியின் பொறுப்பு என்றால் சீரியலின் கடைசிப் பத்து நிமிஷத்தை அவரே விட்டுக்கொடுப்பார். மறுநாள் மதியம் மறுஒளிபரப்பு இருக்கவே இருக்கு.

இந்திராநகர்_புதுசு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாட்காட்டி கேட்டு மெயில் போட்டுவிட்டேன். இன்னும் ஒன்று: ஸ்டைனரின் ஆன்மிகக் கருத்துகள் எங்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சமூகத்தில் அதனால் ஓரங்கட்டுவார்களா? வாசிப்பைத் தாமதமாகத் தொடங்குவது பற்றியும் பயம் இருக்கிறது.

ராகிமுத்தே

ஸ்டைனர் தத்துவமான ஆந்த்ரோபாசஃபியைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துவதில்லை. ஆசிரியர் பயிற்சியில் அது உண்டு, பெற்றோருக்கு வாசிப்புக் குழு வைப்பார்கள், அது விருப்பம். போகாததால் யாரும் ஒதுக்க மாட்டார்கள். சந்தை நாளில் பாத்திரம் தேய்க்க வராதவரைத்தான் பேசுவார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் இருக்க வேண்டாம். தடுப்பூசி, காய்ச்சல், பார்வைக் குறை போன்றவற்றில் சக பெற்றோர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது உங்கள் குழந்தை மருத்துவரோடு பேச வேண்டியது.

வாசிப்பைப் பொறுத்தவரை, ஒன்றாம் வகுப்பில் எழுத்து படத்திலிருந்து வரும், முதலில் எழுதுவார்கள், பிறகு தாங்கள் எழுதியதையே வாசிப்பார்கள். இரண்டாம் வகுப்பில் தட்டுத்தடுமாறி வாசித்தால் கவலை வேண்டாம். மூன்றாம் வகுப்பு நடுவிலும் எழுத்தும் ஒலியும் சேராமல் இருந்தால், ஒரே சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக வாசித்தால், வீட்டில் யாருக்காவது டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) இருந்தால், "நேரம் வரும்போது வரும்" என்ற ஆறுதலை ஏற்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு நிம்ஹான்ஸ் (பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவமனை) மாதிரி இடத்தில் கற்றல் குறைபாட்டு மதிப்பீடு. முறை கிடைக்க நாளாகும், அதனால் சந்தேகம் வந்த மாதமே பதிவு செய்துவிடுங்கள். அறிக்கையின் ஒரு நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, மெயின் லெசனில் என்ன மாற்றுவார், வாரத்துக்கு எத்தனை தடவை தனியாகப் பார்ப்பார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வகுப்புகளில் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாரியத் தேர்வு) எழுதுகிறார்களா, ஐஜிசிஎஸ்இயா (பத்தாம் வகுப்பு நிலை சர்வதேசத் தேர்வு) என்று இப்போதே கேட்டு வையுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு ஒவ்வொரு வாரியமும் கேட்கும் சான்றிதழ் வேறு.